பத்து மணி டோக்கனும் ஒரு டேனிஷ் கணக்கு வாத்தியாரும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அப்பாவை சுகர் செக்கப்புக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லப் போறதில்ல. நீங்களும் அந்த மாதிரி ஒரு ஹாலில் ஒருநாள் உட்கார்ந்திருப்பீங்க, அதனால பேர் தேவையில்ல. எங்க சீட்டில் எழுதியிருந்த நேரம் காலை 10 மணி. டோக்கன் நம்பர் 34. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாவின் சீட்டை லேசா எட்டிப் பார்த்தேன். அவங்களுக்கும் 10 மணி. அவங்களுக்குப் பின்னால் இருந்த பையனுக்கும் 10 மணி. ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் அதே 10 மணிதான். டாக்டர் வந்தது 10:40க்கு.

கதவு திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஆளுக்குச் சுமார் 5 நிமிஷம். எங்களுக்கு முன்னால் 33 பேர். அப்படின்னா 165 நிமிஷம், 1:25க்கு உள்ளே போகலாம். உண்மையில் போனது 1:50க்கு. அதற்குள் அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருந்தது. மாத்திரை போட்டாச்சு, மதியச் சாப்பாடு தள்ளிப் போயிடுச்சு, சுகர் இறங்குது. பையில் ஒரு மேரி பிஸ்கட் பாக்கெட் இருந்ததால் தப்பித்தோம். சுகர் நோயாளியை சாப்பாட்டு நேரம் தாண்டி உட்கார வைக்கிற சுகர் ஓபி! டாக்டர் அறையில் நாங்கள் இருந்தது 4 நிமிஷம்.

அந்த நாலு மணி நேரத்தில் எனக்கு வந்த கேள்விதான் இன்றைய எபிசோட். இந்தக் காத்திருப்பு எங்கிருந்து வருது? டாக்டர் பத்தலையா? கூட்டம் ஜாஸ்தியா? இதற்கு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒருத்தர் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அவர் அதை ஆஸ்பத்திரிக்காக எழுதல, டெலிபோனுக்காக எழுதினார்.

அவர் பெயர் அக்னர் எர்லாங். டென்மார்க்கில் லோன்போர்க் என்ற கிராமத்தில் 1878 ஜனவரி 1ஆம் தேதி பிறந்தவர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். இவரும் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் கணிதம் முடித்துவிட்டு சில வருஷம் வாத்தியாராகவே இருந்தார். கணிதச் சங்கத்துக் கூட்டங்களுக்குத் தவறாமல் போவார். அங்கே யோஹான் யென்சன் என்பவரின் பழக்கம் கிடைத்தது. கணிதம் படித்தவர்களுக்கு யென்சன் சமனின்மை ஞாபகம் இருக்கும், அதே யென்சன்தான். அவருக்குச் சம்பளம் கொடுத்தது கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனி. அங்கே பெரிய இன்ஜினியர். அவர் மூலமாக 1908ல் எர்லாங்கும் அந்தக் கம்பெனியில் சேர்ந்தார்.

அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சைக் கொஞ்சம் கற்பனை பண்ணுங்க. நீங்க போனை எடுத்தால் ஒரு ஆபரேட்டர் பேசுவார். யார் வேணும்னு கேட்டு, ஒரு ஒயரை எடுத்து சரியான ஓட்டையில் சொருகுவார். ஒயர் எத்தனை போடணும், ஆபரேட்டர் எத்தனை பேர் வேணும் என்பதுதான் கம்பெனியின் தலைவலி. ஊரில் இருக்கிற ஒவ்வொரு போனுக்கும் தனி ஒயர் போட்டால் கம்பெனி திவால். ரொம்பக் குறைத்தால் யார் கூப்பிட்டாலும் லைன் பிஸி. மணிக்கு சராசரியாக இத்தனை கால் வருதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனால் சராசரி கால் என்று ஒரு கால் வருவதில்லையே! அஞ்சு நிமிஷம் ஒண்ணுமே வராது, அடுத்த நிமிஷம் ஆறு ஒண்ணா வந்து விழும்.

எர்லாங் 1909ல் வெளியிட்ட கட்டுரையில் காட்டியது இதுதான்: தாறுமாறாக வருவது போலத் தெரிகிற அந்தக் கால்களுக்குள்ளும் ஒரு ஒழுங்கு இருக்கு. அடுத்த கால் எப்போ வரும்னு சொல்ல முடியாது. ஆனால் ஒரு நிமிஷத்தில் ஆறு வருவதற்கான வாய்ப்பு எவ்வளவுன்னு துல்லியமாச் சொல்ல முடியும். 1917ல் அடுத்த கட்டுரை. இத்தனை லைன் இருந்தால் எத்தனை பேருக்கு பிஸி டோன் கிடைக்கும், காத்திருக்கச் சொன்னால் எவ்வளவு நேரம் காத்திருப்பாங்க என்பதற்கான சூத்திரங்கள் அதில் வந்தன. வரிசைக் கோட்பாடு, அதாவது க்யூயிங் தியரி, தொடங்கியது இங்கேதான்.

எர்லாங்கைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் போக மனசு வரல. அவர் மேஜையிலேயே உட்கார்ந்திருந்த கணிதக்காரர் இல்லை. ஆரம்பத்தில் உதவியாளர்கள் கிடையாது என்பதால், கேபிள்களில் மின்சார அளவு எடுக்க அவரே தெருவில் இறங்கினார். ஏணி தூக்கிக்கொண்டு ஒரு தொழிலாளி கூட வர, ஒவ்வொரு மேன்ஹோலாக இறங்கி ஏறினார். கல்யாணம் பண்ணிக்கல. ஏறக்குறைய 20 வருஷம் உடம்பு சரியில்லைன்னு ஒருநாள்கூட லீவு எடுக்காதவர், 1929ல் வயிற்றில் ஒரு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார். வயது 51.

இப்போ அவர் கணக்கை அப்பா உட்கார்ந்திருந்த ஹாலுக்குக் கொண்டு வருவோம். ஒரு டாக்டர். சராசரியாக ஆளுக்கு 5 நிமிஷம், அதாவது மணிக்கு 12 பேரைப் பார்க்க முடியும். நோயாளிகள் அவங்கவங்க இஷ்டத்துக்கு வர்றாங்க. சிலருக்கு 2 நிமிஷம் போதும், சிலருக்கு 15 நிமிஷம் ஆகுது. வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரி இதுதான். டாக்டரின் நேரத்தில் பாதிதான் நிரம்பியிருக்கு என்றால் சராசரி காத்திருப்பு 5 நிமிஷம். 80 சதவீதம் நிரம்பினால் 20 நிமிஷம். 90 சதவீதம் என்றால் 45. 95 சதவீதம் என்றால் 95 நிமிஷம்.

கொஞ்சம் நிறுத்தி யோசிச்சுப் பாருங்க. 80 சதவீதத்திலிருந்து 95 சதவீதத்துக்குப் போக மணிக்கு இரண்டு பேர்கூடக் கூடல. 20 நிமிஷம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சு. ஜி.எஸ்.டி ரோட்டில் வண்டி ஓட்டுறவங்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். இன்னும் கொஞ்சம் வண்டிதானே சேருதுன்னு நினைப்போம், மொத்த ரோடும் நின்னுடும். அத்தனை பேரும் சரியா 5 நிமிஷ இடைவெளியில் வந்து, சரியா 5 நிமிஷம் எடுத்துக்கிட்டால் டாக்டர் நூறு சதவீதம் பிஸியா இருந்தாலும் யாரும் காத்திருக்க வேண்டாம். காத்திருப்பை உண்டாக்குறது அந்த ஏற்ற இறக்கம். அந்த ஏற்ற இறக்கத்தை வாங்கிக்க டாக்டரின் நேரத்தில் கொஞ்சம் காலி இடம் இருக்கணும். இல்லைன்னா அதை நோயாளிதான் வாங்கிக்கணும்.

சரி, எங்க ஹாலில் நடந்தது இன்னும் மோசம். அங்கே ஏற்ற இறக்கம்கூட இல்ல, எல்லாருக்கும் ஒரே 10 மணி. இதற்குத்தான் 1952க்குப் போகணும்.

இடம் இங்கிலாந்து. 1948 ஜூலை 5ஆம் தேதி அங்கே தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. டாக்டரைப் பார்க்க யாரும் காசு கொடுக்க வேண்டாம். பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் ஓபி பெஞ்சில் காத்திருப்பது மாறல. எல்லாரையும் கிளினிக் தொடங்கும் நேரத்துக்கே வரச் சொல்லி, வரிசையா உட்கார வைக்கிற பழக்கம் அங்கேயும் இருந்தது. நார்மன் பெய்லி என்ற புள்ளியியலாளர் இதைக் கையில் எடுத்தார். 1952ல் ராயல் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். வெல்ச் என்பவரோடு சேர்ந்து அதே வருஷம் டாக்டர்கள் படிக்கிற லான்செட்டிலும் எழுதினார். ஒன்று கணக்கு தெரிந்தவர்களுக்கு, இன்னொன்று கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு. இரண்டாவது கட்டுரையை எழுதணும்னு தோணியதே பெரிய விஷயம்னு நான் நினைக்கிறேன்.

பெய்லிக்கு எர்லாங்கின் சூத்திரம் அப்படியே உதவல. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ராத்திரி பகலா ஓடும். ஓபி ரெண்டு மணி நேரத்தில் முடிஞ்சிடும். அதனால் அவர் வேறு வழி பிடித்தார். 25 நோயாளிகள் வருகிற ஒரு கிளினிக்கைக் காகிதத்தில் நடத்திப் பார்த்தார். மேஜையில் கம்ப்யூட்டர் கிடையாது. அச்சடித்த தற்செயல் எண்களின் அட்டவணை ஒன்று. முதல் நோயாளிக்கு ஒரு எண்ணை எடுப்பது, அதை வைத்து அவருக்கு எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு முடிவு செய்வது, அடுத்தவர் எத்தனை மணிக்கு உள்ளே போவார்னு எழுதுவது. பிறகு அடுத்தவர். கிளினிக் முடிந்ததும் யார் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாங்க, டாக்டர் எவ்வளவு நேரம் சும்மா இருந்தார்னு கூட்டுவது. பிறகு அடுத்த கிளினிக். நாம இன்னிக்கு லேப்டாப்பில் ஒரு நொடியில் ஓட்டுற சிமுலேஷனை அவர் பேனாவால் ஓட்டினார்.

நீங்களே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்க. 25 பேரும் 10 மணிக்கே வந்துட்டாங்க, டாக்டரும் 10 மணிக்கே வந்துட்டார், ஆளுக்கு 5 நிமிஷம். முதல் ஆள் காத்திருக்கல. இரண்டாமவர் 5 நிமிஷம், மூன்றாமவர் 10, கடைசி ஆள் 120. கூட்டினால் 1500 நிமிஷம், அதாவது 25 மணி நேரம். டாக்டர் வேலை செய்தது 125 நிமிஷம். அந்த 125 நிமிஷத்தில் ஒரு நிமிஷம்கூட அவர் சும்மா இருந்துவிடக் கூடாது என்பதற்காக வெளியே இருப்பவர்கள் ஒரு முழு நாளுக்கு மேல் கொடுத்திருக்காங்க.

பெய்லி சொன்ன மாற்றம் கேட்டால் சப்புன்னு இருக்கும். 10 மணிக்கு இரண்டு பேரை வரச் சொல்லுங்க. அதற்குப் பிறகு, சராசரியா ஒருத்தருக்கு எவ்வளவு நேரம் ஆகுதோ அந்த இடைவெளியில் ஒவ்வொருத்தரா. 10:05க்கு ஒருத்தர், 10:10க்கு ஒருத்தர். 25ஆவது ஆள் 11:55க்கு வந்தால் போதும். ஆரம்பத்தில் ஏன் இரண்டு பேர்? ஒருத்தர் வர லேட்டானாலும், முதல் ஆள் சீக்கிரம் முடிஞ்சாலும் டாக்டருக்கு அடுத்த ஆள் தயாராக இருக்க. அந்த இரண்டாவது ஆள்தான் மெத்தை. அவர் ஒருத்தர் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் மற்றவர்கள் யாரும் ரெண்டு மணி நேரம் உட்கார வேண்டாம். டாக்டருக்கு அங்கங்கே ஒன்றிரண்டு நிமிஷம் காலியாகப் போகும், அவ்வளவுதான். காத்திருப்போ பெரிய அளவில் குறைஞ்சது. இன்றைக்கும் அப்பாயின்ட்மென்ட் பற்றிய ஆய்வுகளில் புது முறை ஏதாவது சொன்னால் இந்த பெய்லி–வெல்ச் விதியோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள்.

ஆனால் என்னைப் பிடிச்சு உட்கார வைத்தது அந்த விதி இல்லை. பெய்லி ஒரே தாளில் இரண்டு நேரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். டாக்டர் சும்மா இருந்த நேரம், நோயாளி காத்திருந்த நேரம். அப்படி எழுதிய உடனே ஒரு கேள்வி தானா வந்துடுது: டாக்டரின் ஒரு நிமிஷத்துக்கு நோயாளியின் எத்தனை நிமிஷம் சமம்? எல்லாருக்கும் 10 மணி சீட்டு எழுதுகிற ஆஸ்பத்திரியும் இந்தக் கேள்விக்குப் பதில் வச்சிருக்கு. வாயைத் திறந்து சொல்றதில்ல, அவ்வளவுதான். அந்தப் பதிலில் நோயாளியின் நேரத்தின் விலை பூஜ்யம். ஓபிக்கு வர தினக்கூலியை விட்டுட்டு வந்தவர், குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுட்டு வந்தவர், எங்க அப்பா, எல்லாருக்கும் சேர்த்து பூஜ்யம்.

இதைக் கேட்டு டாக்டர்கள் யாராவது கோவிச்சுக்கலாம். நியாயமான கோபம்தான், ஏன்னா டாக்டரின் நேரம் நிஜமாவே அபூர்வமா இருக்கிற இடங்கள் உண்டு. மதுரைக்கே போவோம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரையால் பார்வை இழந்தவர்கள் அத்தனை பேர், அறுவை செய்யக்கூடிய கைகள் ரொம்பக் கொஞ்சம். அங்கே ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒரு மேஜையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்தவரைத் தயார் செய்துவிடுவார்கள். முடித்ததும் டாக்டர் அந்தப் பக்கம் திரும்பினால் போதும். பயிற்சி பெற்ற பெண்கள் மற்ற வேலைகளைப் பார்த்துக்கொள்வார்கள், டாக்டர் தன் கை மட்டுமே செய்யக்கூடியதைச் செய்வார். பெய்லியின் அந்த இரண்டாவது ஆள் ஞாபகம் வருதா? இங்கேயும் டாக்டருக்காக ஒருத்தர் தயாராக இருக்கிறார், ஒரு ஹால் முழுக்க இல்லை. டாக்டரின் நேரத்தை மிச்சம் பிடிக்க நூறு பேரை உட்கார வைக்கணும்னு கட்டாயம் கிடையாது.

இதுவரை ஓபி. படுக்கை விஷயத்துக்கு வந்தால் காத்திருப்பு உயிர் சம்பந்தப்பட்டதாகிடுது, இங்கே எர்லாங்கின் 1917 சூத்திரம் நேராகவே வேலை செய்யும். டெலிபோன் லைன் இருந்த இடத்தில் ஐசியூ படுக்கையை வையுங்க. பிஸி டோன் என்றால் 'பெட் இல்லீங்க, வேற இடம் பாருங்க'. ஒரு ஆஸ்பத்திரியில் 10 ஐசியூ படுக்கை. வருகிற எல்லாரையும் சேர்க்க முடிந்தால் எந்த நேரமும் சராசரியா 8 படுக்கை நிரம்பும், அந்த அளவுக்குத்தான் நோயாளிகள் வர்றாங்கன்னு வைப்போம். 10 படுக்கை, 8 பேருக்கான தேவை. இரண்டு உபரி இருக்கே, போதும்னுதான் யாருக்கும் தோணும். சூத்திரத்தில் போட்டால் நூற்றுக்கு 12 பேருக்கு இடம் கிடைக்காது. எட்டில் ஒருத்தர் ஆம்புலன்ஸிலேயே திரும்பணும். அதுவும் மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் சராசரியா 7 படுக்கைதான் நிரம்பியிருந்ததுன்னு ரிப்போர்ட் சொல்லும். அதைப் பார்க்கிற ஒரு அதிகாரி மூணு படுக்கை சும்மா கிடக்குன்னு குறைக்கச் சொல்லலாம்.

இப்போ அதே அளவை பத்து மடங்காக்குங்க. 100 படுக்கை, 80 பேருக்கான தேவை. விகிதம் அதேதான். திரும்பிப் போகிறவர்கள் நூற்றுக்கு ஒருத்தர்கூட இல்லை. கூட்டம் பெருசானால் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று சரிக்கட்டிடும். தனித்தனியா பத்து சின்ன இடங்களில் இருப்பதைவிட ஒரே கணக்கில் இருப்பது எவ்வளவு மேல்னு எர்லாங்கின் சூத்திரம் சொல்லுது.

2021 மே மாதம் சென்னையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். கொரோனா இரண்டாம் அலை. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையா நின்னதை டிவியில் பார்த்தோம், சிலர் அந்த ஆம்புலன்ஸுக்குள்ளேயே இருந்தாங்க. ஒவ்வொரு குடும்பமும் பத்து ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, பத்து பிஸி டோன் வாங்கின நாட்கள். அப்போதுதான் டிஎம்எஸ் வளாகத்தில் அரசு ஒரு கட்டளை மையம் தொடங்கியது. எந்த ஆஸ்பத்திரியில் எந்தப் படுக்கை காலின்னு ஒரே இடத்தில் பார்த்து அனுப்புகிற ஏற்பாடு. படுக்கைகளின் எண்ணிக்கை அதனால் கூடல, ஆனா சிதறிக் கிடந்ததை ஒரே கணக்காகப் பார்க்க முடிஞ்சது. தேவை படுக்கைகளைவிட அதிகமான நாட்களில் எந்தச் சூத்திரமும் காப்பாத்தாது. அதையும் சொல்லித்தான் ஆகணும்.

இங்கிலாந்தில் இதே கேள்வியை 1999ல் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பகஸ்ட், பிளேஸ், போஸ்னெட் மூவரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அவசர நோயாளிகளைச் சேர்க்கிற ஆஸ்பத்திரியில் சராசரியா 85 சதவீதத்துக்கு மேல் படுக்கை நிரம்பினால் ஆபத்து தெரிய ஆரம்பிக்கும், 90 சதவீதத்தைத் தொட்டால் அடிக்கடி நெருக்கடி வரும் என்பது அவர்கள் சிமுலேஷனின் முடிவு. அந்த 85 பிறகு ஒரு மந்திர எண் மாதிரி ஆயிடுச்சு, எல்லா ஆஸ்பத்திரிக்கும் பொருத்திப் பேச ஆரம்பிச்சாங்க. எனக்கு அது உறுத்துது. இப்பத்தானே பார்த்தோம், 10 படுக்கைக்கு 70 சதவீதமே அதிகம்.

கதைக்குத் திரும்பறேன். அன்றைக்கு மருந்து வாங்கிட்டு வரும்போது ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் கேட்டே விட்டேன். ஏங்க, ஆளுக்கு ஒரு நேரம் போட்டுக் கொடுக்கலாமே? அவங்க என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்ல, களைப்புதான் இருந்தது. "ஒரு தடவை போட்டுப் பாத்தோம் சார். பன்னண்டு மணின்னு எழுதிக் கொடுத்தாலும் ஒன்பதுக்கே வந்துடறாங்க. முன்னாடி வந்தா முன்னாடி விட்டுடுவோம்னு அவங்களுக்குத் தெரியும். டாக்டரும் பத்துன்னா பத்துக்கு வரணும்ல?" கடைசி வரியை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னாங்க.

அவங்க பெய்லியைப் படிச்சிருக்க வாய்ப்பில்லை. ஆனால் விஷயம் முழுக்கத் தெரிஞ்சிருக்கு. டாக்டர் நேரத்துக்கு வராத இடத்தில் சீட்டில் எழுதின நேரத்தை நோயாளி நம்ப மாட்டார். நம்பாதவர் சீக்கிரம் வருவார். எல்லாரும் சீக்கிரம் வந்தால் சீட்டில் நேரம் எழுதுவதில் அர்த்தமில்லை, எல்லாருக்கும் 10 மணின்னே எழுதிடலாம். டாக்டருக்கும் ஹால் எப்பவும் நிறைஞ்சே இருக்கும், லேட்டா வந்தாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது. இந்தச் சுழற்சியில் சீட்டில் எழுதின நேரத்துக்கு வருகிற ஒரே ஆள் ஏமாந்தவர்தான்.

ஆட்டோவில் வரும்போது இந்த எர்லாங், பெய்லி கதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அடுத்த செக்கப் மூணு மாசம் கழிச்சு. சீட்டில் இப்பவும் 10 மணின்னுதான் போட்டிருக்கு. "எட்டரைக்கே போயிடலாம்டா," என்றார். "பிஸ்கட் ரெண்டு பாக்கெட் எடுத்துக்கோ."